கம்மி விலை, கையடக்க ஹெட்ஃபோன்: சவுண்ட், சொகுசு, வெளிச்சத்தம் அடைக்கிறது மூணுல எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?

நீங்க கேட்டிருக்கறதை என் பாணியில ஒரு தடவை சொல்லிக்கறேன். பையில போட்டுக்கற சைஸ்ல, கம்மி விலையில ஒரு ஹெட்ஃபோன் வேணும், பஸ்லயும் ரயில்லயும் தினமும் ரெண்டு மணி நேரம் ஓடும், கண்ணாடி போடறவர், காது வலிக்கக்கூடாது, வெளிச்சத்தம் வரக்கூடாது, பாட்டும் நல்லா கேக்கணும், ஆன்-இயர் (காதுமேல உக்காரறது), ஓவர்-இயர் (காதை சுத்தி மூடறது), இயர்போன் (காதுக்குள்ள போறது) இந்த மூணுல எது பெஸ்ட்னு கேட்டிருக்கீங்க. இந்த விலையில சவுண்ட், சொகுசு, அடைப்பு மூணும் முழுசா கிடைக்காதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன், அதனால எதுல எவ்வளவு விட்டா நஷ்டம் கம்மிங்கறதுக்குத்தான் பதில் சொல்றேன். நான் பல வருஷமா லொகேஷன் சவுண்ட் எடுக்கற ஆளு, வேலை நாள்ல பாதி நேரம் காதுல ஏதாவது ஒண்ணு மாட்டித்தான் இருக்கும்.

முதல்ல ஒரு விஷயம் பிடிபட்டா மீதி எல்லாம் தானா விளங்கும். சவுண்ட், சொகுசு, வெளிச்சத்தம் அடைக்கிறது, இந்த மூணையும் தனித்தனி மார்க் மாதிரி ரிவ்யூல போடறாங்க, ஆனா மூணுமே ஒரே இடத்துல முடிச்சு விழுது, காதுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவுல இருக்கற சீல். காத்து கசியாம அடைச்சுட்டா வெளிச்சத்தம் உள்ள வராது, உள்ள இருக்கற பேஸும் (கும்முன்னு வர்ற கீழ் ஸ்தாயி சத்தம்) வெளிய ஓடாது. அந்த சீல் வேணும்னா ஏதாவது ஒண்ணு உங்க தலையையோ காதையோ காதுத் துவாரத்தையோ அழுத்தியே ஆகணும், அந்த அழுத்தம்தான் ஒரு மணி நேரம் கழிச்சு வலியா வருது. அதனால "நல்ல பேஸ், நல்ல ஐசொலேஷன் (வெளிச்சத்தம் அடைக்கிறது), மாட்டினதே தெரியாது" இந்த மூணையும் சேர்த்து விக்கற விளம்பரத்தை பாத்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

இதுக்கு ரெண்டு முனையில ரெண்டு ஹெட்ஃபோனை சொல்லலாம், ரெண்டுமே பழசு, ரெண்டுமே இன்னும் விக்குது. ஒரு பக்கம் கோஸ் போர்ட்டா ப்ரோ, 1984ல வந்தது, ஸ்பாஞ்ச் பேட், மடிச்சா உள்ளங்கையில அடங்கும், ஓபன் டிசைன், அதாவது மூடாம விட்டது, சத்தம் உள்ளயும் வெளியயும் போய் வரும். காதுமேல லேசா உக்காரும், ஹெட்பேண்ட் பக்கத்துல நெத்திப்பொட்டுல தாங்கறதுக்கு ரெண்டு ஸ்பாஞ்ச் வேற இருக்கு, அதுல எவ்வளவு அழுத்தணும்னு மாத்திக்க ஒரு ஸ்விட்ச். நாள் முழுக்க போட்டிருக்கலாம், சத்தமும் அந்த விலைக்கு ரொம்ப நல்லா இருக்கும், ஆனா ஐசொலேஷன் சுத்தமா பூஜ்யம், பக்கத்து சீட்ல இருக்கறவர் பேசறது அப்படியே கேக்கும், நீங்க கேக்கற பாட்டும் அவருக்கு கேக்கும். இன்னொரு பக்கம் சென்ஹைசர் எச்டி 25, 1988ல இருந்து வருது, இதுவும் ஆன்-இயர்தான், வயர் இல்லாம 140 கிராம். டிஜேக்களும் நியூஸ் சவுண்ட் ஆளுங்களும் இதை விடாம வச்சிருக்கறதுக்கு காரணம் அது வெளிச்சத்தத்தை அடைக்கிற அடைப்பு. எப்படி அடைக்குதுன்னா காதை மண்டையோட சேர்த்து நசுக்குது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல காது மடல் சூடாகி வலிக்க ஆரம்பிக்கும், அதுவும் கண்ணாடிக் காம்பு நடுவுல மாட்டிக்கிட்டா இன்னும் சீக்கிரம். எச்டி 25 உங்க பட்ஜெட்ல வராது, வாங்கவும் சொல்லல, ஆன்-இயர்ல அடைப்பு வேணும்னா விலை எதுன்னு புரியறதுக்காக சொன்னேன்.

இப்ப பஸ், ரயில் கதைக்கு வருவோம், ஏன்னா நீங்க கேக்கற இடம்தான் பாதி முடிவை எடுத்துடும். வண்டி எஞ்சின், டயர், தண்டவாளம் இதோட சத்தத்துல பெரும்பங்கு கீழ் ஸ்தாயியில, சில நூறு ஹெர்ட்ஸுக்கு கீழயே இருக்கு. உங்க பாட்டுல பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் இருக்கறதும் அதே இடம். ஒரே இடத்துல ரெண்டு சத்தம் இருந்தா பெருசு சின்னதை முழுங்கிடும், அதனால வீட்ல கும்முன்னு இருந்த ஹெட்ஃபோன் பஸ்ல தகரம் மாதிரி கேக்குது, உடனே நாம வால்யூமை ஏத்தறோம். ஹெட்ஃபோன்ல ஒரு குறையும் இல்ல, பேஸ் மட்டும் மூழ்கிப் போச்சு. அதனால வெளியில கேக்கறவங்களுக்கு ஐசொலேஷன்தான் சவுண்ட் குவாலிட்டியோட முதல் பாதி, அமைதியான ரூம்ல எழுதின ரிவ்யூவை வச்சு பஸ்ஸுக்கு வாங்கினா ஏமாறுவீங்க.

வால்யூம் ஏத்தறதுல இன்னொரு விஷயமும் இருக்கு, இது நிச்சயமா தெரிஞ்ச விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அதாவது 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. நீங்க தினமும் ரெண்டு மணி நேரம்னு சொல்றீங்க, பஸ் இரைச்சலை தாண்டி கேக்கணும்னு ஏத்தி ஏத்தி வச்சீங்கன்னா அந்தக் கணக்கு வார நடுவுலயே முடிஞ்சிடும். நல்லா அடைக்கிற ஹெட்ஃபோன் இருந்தா அதே பாட்டை பத்து டெசிபல் கம்மியா வச்சு அதே திருப்தியோட கேக்கலாம்.

அடைக்கறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. பேடும் டிப்பும் கப்பும் உடம்பாலயே தடுக்கறது ஒண்ணு, அது உச்ச ஸ்தாயியை, கிறீச் சத்தம், கிணுகிணுப்பு இதையெல்லாம் நல்லா தடுக்கும், கீழ் ஸ்தாயி உறுமலை தடுக்க திணறும், சீல்ல சின்ன ஓட்டை இருந்தாலும் அது நுழைஞ்சு வந்துடும். இன்னொண்ணு ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன், மைக் வச்சு வெளிச்சத்தத்தை எடுத்து தலைகீழா திருப்பி உள்ள விடறது. இது எதுக்கு நல்லா வேலை செய்யும்னா நேர் எதிர், கீழ் ஸ்தாயிக்கு. 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் காத்துல மூணரை மீட்டர் கிட்ட, அதுக்கு எதிரலையை சரியா பொருத்த நேரம் இருக்கு, 4000 ஹெர்ட்ஸ்ல அலை நீளம் எட்டரை சென்டிமீட்டர்தான், மில்லிமீட்டர் கணக்குல தப்பினாலே கணக்கு கெட்டுடும். அதனால பொதுவா 1000 ஹெர்ட்ஸ் தாண்டினா கேன்சலேஷன் பெருசா ஒண்ணும் பண்ணாது. நாய்ஸ் கேன்சலேஷன் போட்டும் பக்கத்து சீட் பேச்சு கேக்குதே, ஏமாத்திட்டாங்கன்னு புலம்பறவங்க நிறைய பேர், அது ஏமாத்து இல்ல, எஞ்சின் உறுமல் போனதும் அதுக்கு அடியில இருந்த பேச்சு தனியா தெரிய ஆரம்பிக்குது. அப்புறம், கேன்சலேஷனுக்கும் சீல் வேணும். சீல் சரியில்லாம கேன்சலேஷன் ஆன் பண்றது ஜன்னலை நாலு விரல் திறந்து வச்சுட்டு ஏசி போடற மாதிரி.

கம்மி விலையில நாய்ஸ் கேன்சலேஷன் வாங்கலாமான்னு கேட்டா, என் கருத்து (கருத்துதான், அளந்து நிரூபிச்சது இல்ல) வயர்லெஸ்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா வாங்கலாம், அதுக்காகவே வயர்லெஸ்ஸுக்கு போக வேண்டாம். ஒரே விலைக்குள்ள பேட்டரி, ப்ளூடூத் சிப், மைக்குன்னு எல்லாத்துக்கும் பங்கு பிரிச்சா ட்ரைவருக்கும் (உள்ள சத்தம் குடுக்கற குட்டி ஸ்பீக்கர்) பேடுக்கும் மிச்சம் இருக்கறது கொஞ்சம். இப்ப வர்ற சின்ன விலை வயர்லெஸ் இயர்பட்ஸ்ல கூட கேன்சலேஷன் பரவாயில்லாம இருக்கு, அதை மறுக்கல. ஆனா உள்ள இருக்கற பேட்டரி சில வருஷத்துல தளர்ந்துடும், பெரும்பாலான இயர்பட்ஸ்ல மாத்தவும் முடியாது. சிலருக்கு கேன்சலேஷன் ஆன் பண்ணினாலே காதுல அழுத்தம் ஏறுன மாதிரி ஒரு உணர்வு வரும், உண்மையில காத்தழுத்தம் எதுவும் மாறல, ஆனா அந்த உணர்வு நிஜம், அது உங்களுக்கு வருமான்னு போட்டு பாத்தாத்தான் தெரியும்.

சரி, மூணு வகையையும் உங்க தேவைக்கு வச்சு பாக்கறேன். சிலிகான் இல்லனா ஃபோம் டிப் வச்ச இயர்போன், கம்மி விலையில ஐசொலேஷனுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. காதுத் துவாரத்துலயே சீல் ஆயிடறதால கண்ணாடிக் காம்பு குறுக்க வராது, முடி குறுக்க வராது. அடைபட்ட அந்தச் சின்ன இடத்துல துளியூண்டு ட்ரைவரே ஆழமான பேஸ் குடுத்துடும், அதனாலதான் இந்த வகையில மலிவு விலையிலயே இவ்வளவு நல்ல சவுண்ட் கிடைக்குது. மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ மாதிரி வயர்டு மாடல்கள் வந்த பிறகு, பத்து வருஷம் முன்னாடி பல மடங்கு விலை குடுத்து வாங்கின சமநிலையான சவுண்ட் இப்ப சாதாரணமா கிடைக்குது, இதை நான் மிகைப்படுத்தி சொல்லல. ஒரு எச்சரிக்கை, நிறைய இயர்போன்ல ட்ரைவருக்கு மூச்சு விட சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க, அதனால அடைப்பு கொஞ்சம் குறையும், எட்டிமோட்டிக் ஈஆர்4 மாதிரி ஆழமா சொருகற முழு அடைப்பு டிசைன் அளவுக்கு எதிர்பாக்காதீங்க. டிப்பே இல்லாம காது வாசல்ல தொங்கற பழைய மாடல் இயர்பட்ஸ் இந்தக் கணக்குல சேராது, அதுல சீலே கிடையாது.

இயர்போன் பிடிக்கலன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் சைஸ் தப்பான டிப்போட இருக்காங்க. பெட்டியில மூணு சைஸ் வரும், நடுவுல இருக்கறதை மாட்டியே அனுப்புவாங்க, அதையே கடைசி வரைக்கும் போட்டுட்டு பேஸ் இல்லன்னு எழுதுவாங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் பொருந்தணும்னு எந்த சட்டமும் இல்ல, இடது காதுக்கு ஒரு சைஸ், வலதுக்கு வேற சைஸ் போடறவங்க நிறைய உண்டு. மாட்டும்போது எதிர்க் கையை தலைக்குப் பின்னால கொண்டுபோய் காது மடலை மேலயும் பின்னாடியும் லேசா இழுத்துட்டு சொருகுங்க, துவாரம் நேராகி டிப் சரியா உக்காரும். ஃபோம் டிப்னா விரல்ல உருட்டி சுருக்கி, சொருகி, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் பிடிச்சிருங்க. அப்புறம் நடக்கும்போது காலடிச் சத்தமும், மெல்லும்போது தாடைச் சத்தமும் தலைக்குள்ள தொம் தொம்முனு கேக்கும், அது அடைபட்ட காதோட இயல்பு, இன்னும் கொஞ்சம் ஆழமா போட்டா குறையும். வயர் சட்டையில உரசற சத்தம் வந்தா வயரை காதுக்கு மேல சுத்தி விட்டா பெரும்பாலும் போயிடும்.

ஓவர்-இயர் க்ளோஸ்டு (கப் பின்பக்கம் மூடினது) வகை ரெண்டாவது. காதை தொடாம சுத்தி உக்காரறதால நீண்ட நேரத்துக்கு இதுதான் சொகுசுன்னு பொதுவா சொல்லுவாங்க, சரிதான், ஆனா ரெண்டு நிபந்தனையோட. ஒண்ணு, பேடுக்குள்ள இருக்கற ஓட்டை உங்க காதை விட பெருசா இருக்கணும். பெரியவங்க காது உயரம் சராசரியா ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இருக்கும், கையடக்கமா மடியணும்னு பண்ற மலிவு மாடல்கள்ல ஓட்டை அதை விட சின்னதா வச்சுட்டு ஓவர்-இயர்னு பேர் போட்டுடுவாங்க, அது ஆன்-இயர் மாதிரியே காதை அழுத்தும். ஸ்கேல் எடுத்து உங்க காதை அளந்துட்டுப் போங்க, சிரிக்கறவங்க சிரிக்கட்டும். ரெண்டு, கண்ணாடி. காம்பு பேடுக்கு அடியில போற இடத்துல சந்து விழும், அங்க இருந்து பேஸ் கசியும், உறுமல் நுழையும். மெல்லிசு காம்பும் மெத்துன்னு இருக்கற தடி பேடும் இருந்தா கம்மியா பாதிக்கும், தடி பிளாஸ்டிக் காம்புன்னா நல்லாவே தெரியும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்40எக்ஸ் மாதிரி ஸ்டுடியோ ஹெட்ஃபோன்களை எல்லாரும் பரிந்துரைப்பாங்க, வேலைக்கு நல்ல சாமான்தான், 7506 1991ல இருந்து இன்னும் ஸ்டுடியோக்கள்ல ஓடுது. ஆனா அதோட சுருள் வயர் நீட்டினா மூணு மீட்டர் வரும், அதை பஸ்ல வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? அடைப்பும் சுமார்தான். வெயில் காலத்துல லெதரெட் (செயற்கைத் தோல்) பேடுக்குள்ள காது வேர்த்து ஊறறது தனிக் கதை.

ஆன்-இயர் உங்களுக்கு கடைசி சாய்ஸ். காது மடல் மேடு பள்ளமான வடிவம், அதுமேல தட்டையான பேட் சீல் ஆகணும்னா அழுத்தித்தான் ஆகணும், அழுத்தம் கம்மியா வச்சா கசியும். பஸ்ஸுக்கு வேண்டாம். வீட்ல, அமைதியான ஆபீஸ்ல, யாராவது கூப்பிட்டா காதுல விழணும்னா, போர்ட்டா ப்ரோவோ, அதோட சொந்தக்காரன் காதுல கொக்கி போட்டு மாட்டற கேஎஸ்சி75ஓ ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, சந்தோஷமா இருக்கும்.

சவுண்டைப் பத்தி தனியா கொஞ்சம். விலை ஏற ஏற சவுண்ட் ஏறும்னு நம்பாதீங்க. 2017ல யெரூன் பிரேபார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 283 ஹெட்ஃபோனோட ஃப்ரீக்வன்ஸி ரெஸ்பான்ஸை (எந்த ஸ்தாயியை எவ்வளவு சத்தமா குடுக்குதுங்கறதை) விலையோட ஒப்பிட்டுப் பாத்தாரு, ரெண்டுக்கும் தொடர்பு இல்லன்னு வந்துச்சு. ஆடியோ சாமான் பண்ற ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ் குழு பல வருஷம் கேட்பு சோதனை பண்ணி, நல்ல ரூம்ல நல்ல ஸ்பீக்கர் எப்படி கேக்குமோ அந்த மாதிரி பேலன்ஸ்தான் பெரும்பாலானவங்களுக்கு பிடிக்குதுன்னு காட்டியிருக்காங்க. பெரும்பாலானவங்கன்னா எல்லாரும் இல்ல, பேஸ் எவ்வளவுங்கறதுல ஆளாளுக்கு ரசனை மாறும், அதுல நான் பஞ்சாயத்துக்கு வரல. கம்மி வால்யூம்ல நம்ம காதுக்கே பேஸ் கம்மியாத்தான் கேக்கும், அதனால மெதுவா வச்சு கேக்கறவங்களுக்கு கொஞ்சம் பேஸ் தூக்கலா இருக்கற செட் தப்பே இல்ல.

பெட்டி மேல போட்டிருக்கற 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 40 எம்எம் ட்ரைவர் இதையெல்லாம் பாக்காம கடந்து போயிடுங்க, அதுல இருந்து சவுண்டைப் பத்தி எதுவும் தெரியாது. சென்சிட்டிவிட்டி (குடுக்கற கரண்டுக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கற அளவு) மட்டும் பாருங்க, அதுலயும் ஒரு பொறி இருக்கு, ஒருத்தர் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல்னு போடுவாரு, இன்னொருத்தர் வோல்ட்டுக்கு இத்தனைன்னு போடுவாரு. 32 ஓம் ஹெட்ஃபோன்ல ரெண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம், அதாவது மில்லிவாட்டுக்கு 100ன்னு போட்டதும் வோல்ட்டுக்கு 115ன்னு போட்டதும் ஒரே சத்தம்தான். ப்ளூடூத்ல எல்டாக், ஆப்டெக்ஸ்னு கோடெக் (பாட்டை சுருக்கி அனுப்பற முறை) சண்டை நடக்கும், பஸ் இரைச்சல்ல அந்த வித்தியாசத்தை கண்டுபிடிக்கறவரை நான் இன்னும் பாக்கல, டிப் சைஸ் மாத்தினா வர்ற வித்தியாசம் அதை விட பல மடங்கு.

கடையில போட்டு பாக்க வாய்ப்பு கிடைச்சா இப்படிப் பண்ணுங்க. நல்லா பழகின ஒரே பாட்டு, ரெண்டு ஹெட்ஃபோன்லயும் வால்யூம் ஒரே அளவுக்கு கொண்டு வந்துட்டு ஒப்பிடுங்க, ஏன்னா ஒரு டெசிபல் ரெண்டு டெசிபல் சத்தம் கூட இருக்கறது எப்பவும் "நல்லா இருக்கு"ன்னு தோணும், கடைக்காரர் எதை விக்கணுமோ அதோட வால்யூமை கொஞ்சம் ஏத்தி வச்சா போதும். அப்புறம் பேஸ் இருக்கற இடம் ஓடும்போது ரெண்டு கப்பையும் (இயர்போன்னா ரெண்டு பக்கத்தையும்) விரலால லேசா அழுத்துங்க, பேஸ் சட்டுன்னு கூடிச்சுன்னா உங்க சீல் கசியுதுன்னு அர்த்தம், அந்த சைஸ் உங்களுக்கு இல்ல. இதை கண்ணாடி போட்டுக்கிட்டே செய்யுங்க. சொகுசை மட்டும் அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ண முடியாது, உச்சந்தலையிலயும் காது மடல்லயும் வலி வர அரை மணி நேரமாவது ஆகும், அதனால திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, காதுக்குள்ள போற சாமானை பல இடத்துல திருப்பி எடுக்க மாட்டாங்க.

சந்தேகமான விஷயங்களையும் சொல்லிடறேன். நூறு மணி நேரம் ஓட விட்டா சவுண்ட் திறக்கும்னு சொல்ற பர்ன்-இன் கதையில எனக்கு நம்பிக்கை கம்மி, பேட் மெத்துன்னு ஆகி சீல் மாறறதும், காது அந்த சவுண்டுக்கு பழகறதும் நிச்சயமா நடக்குது, ட்ரைவரே மாறிடுதுன்னு சொல்றதுக்கு அளவுல பெருசா ஒண்ணும் தெரியறதில்ல. வயர் மாத்தினா சவுண்ட் மாறும்னு சொல்றதுக்கு நான் காசு செலவு பண்ண மாட்டேன். பேட் மாத்தினா சவுண்ட் மாறும், இது நிஜம், லெதரெட்ல இருந்து துணி பேடுக்கு போனா பேஸ் குறையறது பல மாடல்ல சகஜம்.

உங்க காதை நான் பாக்கல, அதனால அதுக்குள்ள எந்த டிப் பொருந்தும், எது உறுத்தும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்ன விவரத்துக்கு நான் போற வரிசை இதுதான், முதல்ல வயர்டு இயர்போன் ஒண்ணு, கூடவே தனியா ஃபோம் டிப் ஒரு செட். உங்க போன்ல 3.5 எம்எம் ஜாக் இல்லன்னா ஒரு சின்ன டைப்-சி அடாப்டர் போதும், பெரிய ஆம்ப் எல்லாம் இந்த வகைக்கு தேவையே இல்ல. ரெண்டு வாரம் போட்டும் காதுக்குள்ள ஏதாவது இருக்கறதே தாங்கலன்னா (அப்படிப்பட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, அடிக்கடி காதுல சீழ், அரிப்பு வர்றவங்க முயற்சியே பண்ண வேண்டாம், டாக்டரை கேளுங்க) அப்ப ஓவர்-இயருக்கு போங்க, அந்த வகைக்குப் போனா நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கறதா பாருங்க, ஏன்னா கண்ணாடிக் காம்பு விடற கசிவுல நுழையற உறுமலை கொஞ்சமாவது அதுதான் சரிக்கட்டும். பஸ்ல இருந்து இறங்கி ரோட்டை தாண்டும்போது மட்டும் எது போட்டிருந்தாலும் ஒரு பக்கத்தை கழட்டிடுங்க.